பாறசாலை எல்லையிலே

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மார்த்தாண்டத்தையும் குழித்துறை ஆற்றுப் பாலத்தையும் கடந்து சென்றால் களியக்காவிளை வருகிறது. வாழைக்குலைகளும் மீன் கூடைகளும் நிறைந்த சந்தையூர் அது. சந்தையின் இரைச்சல் காதை விட்டு அகலுமுன்பே தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. இங்கே ஆறோ மலையோ குறுக்கே நின்று எல்லை காட்டுவதில்லை. பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்துக் குறைந்து மலையாள எழுத்து மிகுந்து வருவதைக் கொண்டே வேறொரு மாநிலத்துக்குள் வந்துவிட்டோம் என்று அறிந்துகொள்ள வேண்டும். இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே செல்கின்றன. அமரவிளைக்கு அப்பால் நெய்யாற்றைக் கடந்தால் நெய்யாற்றின்கரை. அங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 20 கிலோமீட்டர்.

இவ்வூர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். களியக்காவிளையிலுள்ள 'விளை'யே இஞ்சிவிளையிலும் அமரவிளையிலும் இருக்கிறது. விளை என்பது மேட்டு நிலத்துத் தோட்டம். ஒரு காலத்தில் பனையும் பலாவும் செழித்திருந்து, இன்று பெரும்பாலும் ரப்பரும் மரச்சீனியும் நிற்கும் நிலம். மரச்சீனிகூட எல்லையைக் கண்டு பெயரை மாற்றிக்கொள்வதில்லை. நெய்யாற்றின்கரையிலும் அது மரச்சீனிதான். வடக்கே போகப் போகத்தான் கப்பை ஆகிறது.

சொற்களில் ஒன்று மட்டும் நம்மைச் சற்றுத் திகைக்க வைத்தது. வழி கேட்ட இடத்தில், "பள்ளிக்கு எதிரே இறங்கணும்" என்றார் ஒரு பெரியவர். பள்ளி என்றதும் பிள்ளைகள் படிக்கும் இடம் என்று நாம் எண்ணினோம். மலையாளத்தில் பள்ளி என்றால் தேவாலயம். நல்லவேளையாக, அவர் சொன்ன இடத்தில் தேவாலயமும் பாடசாலையும் ஒரே மதிலுக்குள் இருந்தன! இப்பகுதியின் சரித்திரத்தில் பாதி அந்த மதிலுக்குள் அடங்கிவிடும் என்று கூறின் மிகையாகாது.

நம் சங்கத்தில் குமரி மாவட்டத்தையும் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் சேர்ந்த குடும்பங்கள் ஏழெட்டு உண்டு. அவற்றுள் ஒரு குடும்பத்தார் தம் ஆண் குழந்தைக்குச் சொந்த ஊரில் ஞானஸ்நானம் கொடுக்க விரும்பி, நம்மையும் உடன் அழைத்தனர். தந்தையின் வீடு பாறசாலைக்கு அருகே. தாயின் வீடு எல்லைக்கு இப்பால் விளவங்கோட்டுப் பக்கம். ஐந்து நாட்கள் தங்கியிருந்தோம். கோவளத்துக் கடற்கரையையும் பத்மநாபபுரம் அரண்மனையையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். இடையே கிடக்கும் இச்சிற்றூர்களில் இறங்கிப் பார்ப்போர் அரியர் ஆதலின், கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

கிறிஸ்து மார்க்கம் இப்பகுதிக்கு முதலில் கடல் வழியாக வந்தது. 1544-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததாகத் தம் கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார். அவர் தூத்துக்குடிப் பக்கத்தில் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகக் கற்ற ஜெபங்களையே கையில் கொண்டு வந்தார். பூவார், பொழியூர், நீரோடி, தூத்தூர் முதலிய மீனவ ஊர்களில் அந்த விசுவாசம் இன்றும் உறுதியாக நிற்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலுக்குள் சென்றிருந்து திரும்பாதவர்கள் இரு மாநிலக் கரைகளிலும் இருந்தனர். தூத்தூர்ப் பக்கத்து ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும், கத்தோலிக்க நிர்வாகத்தில் அவை திருவனந்தபுரம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அரசாங்கம் போட்ட கோடு வேறு, ஆயர்கள் போட்ட கோடு வேறு.

உள்நாட்டுக் கதை இதனினும் கடினமானது. எல்லையிலிருந்து அதிகத் தூரமில்லாத நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்டபிள்ளை. மார்த்தாண்டவர்மர் காலத்தில் அரண்மனை அலுவலில் இருந்தார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயின் நட்பால் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர்ச் சிறையும் அடியும் நாடுகடத்தலும் அனுபவித்து, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. குருவுமல்லாத, துறவியுமல்லாத இல்லறத்தார் ஒருவர் இந்தியாவிலிருந்து இப்பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்துத் தேவாலயத்தைப் பகுத்திருந்தார்கள் என்பதையும், அச்சுவர் 1910-இல்தான் அகற்றப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

பாறசாலையைப் பொறுத்தவரை பெரிதும் வேர் பிடித்தது லண்டன் மிஷன். ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் போதகர் 1806-இல் மயிலாடிக்கு வந்தார். மகாராசன் வேதமாணிக்கம் அவருக்கு முன்பே வழி திறந்து வைத்திருந்தார். நாகர்கோவில், நெய்யூர் என்று நகர்ந்து வந்த அந்த மிஷன் 1845 அளவில் பாறசாலையைத் தனி வட்டாரமாக்கியது. அங்கே பல ஆண்டுகள் பணிபுரிந்த ஜான் ஆப்ஸ் என்ற போதகர், தம் இருபத்திரண்டு ஆண்டு அனுபவங்களை 1870-இல் நூலாக வெளியிட்டார்.

அக்காலத்து நிலையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும் திருவிதாங்கூரில் வழக்கம் இருந்தது. 1847-இல் மிஷனரிமார் அடிமை முறையை ஒழிக்கும்படி அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். 1855-இல்தான் ஒழிப்புப் பிரகடனம் வெளிவந்தது. பெண்கள் மார்பை மறைக்க உரிமை கேட்ட தோள்சீலைக் கலகங்கள் 1822 முதல் விட்டு விட்டு எரிந்தன. தேவாலயங்களும் பாடசாலைகளும் தீக்கிரையாயின. 1859 ஜூலையில்தான் நாடார் பெண்களுக்கு அவ்வுரிமை ஒருவாறு வழங்கப்பட்டது.

"அரிசிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்" என்று ஏளனம் பேசுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. உண்ண அரிசி இல்லாதவன் அரிசியை நாடுவது குற்றம் என்று நாம் கருதவில்லை. அது கிடக்கட்டும். மேலாடை அணிந்ததற்காக நடுத்தெருவில் அவமானப்பட்ட பெண் அடுத்த ஞாயிறும் அதே மேலாடையோடு ஆராதனைக்கு வந்தாளே, அதற்கு எத்தனை படி அரிசி ஈடாகும்?

இப்பகுதியில் இவ்விழிப்பு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888-இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தார். தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கதவைத் திறக்கப் போராடிய அய்யன்காளியின் வெங்ஙானூரும் இதே தாலுகாவைச் சேர்ந்தது. பாறசாலை மகாதேவர் கோயிலிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் மிஷன் கட்டிய தேவாலயம் இருக்கிறது.

நிற்க. எல்லைக்கு வருவோம்.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டிருந்தது, கிடைக்கவில்லை. அப்போராட்டத்தை நடத்திய நேசமணி விளவங்கோட்டுப் பள்ளியாடியில் பிறந்த கிறிஸ்தவ வழக்கறிஞர். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இவையெல்லாம் நம் முதியோர் பலரின் நினைவிலுள்ளவை. நெய்யாற்றின்கரை தமிழ்நாட்டுக்கு வந்திருக்க வேண்டுமா என்ற வாதத்தை நாம் மீண்டும் எழுப்ப வரவில்லை. எல்லையில் வாழ்வோர் எவரும் நம்மிடம் அதை எழுப்பவில்லை.

சபைகள் அந்தக் கோட்டை எப்படி ஏற்றன என்பதுதான் கவனிக்கத்தக்கது. கத்தோலிக்கர் முந்திக்கொண்டனர். தமிழ் பேசும் பகுதிக்கென்று கோட்டாறு மறைமாவட்டம், கொல்லத்திலிருந்து பிரிந்து, 1930-லேயே ஏற்பட்டுவிட்டது. மாநிலம் பிரிவதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்! 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஒன்றாயிருந்த தென் திருவிதாங்கூர்ப் பேராயம், 1959-இல் கன்னியாகுமரி என்றும் தென் கேரளம் என்றும் இரண்டாயிற்று. லத்தீன் முறையினருக்கு நெய்யாற்றின்கரை மறைமாவட்டம் 1996-இல் அமைந்தது. மலங்கரை முறையினருக்கு மார்த்தாண்டம் 1996-இலும் பாறசாலை 2017-இலும் அமைந்தன. ஒரு சிறு நிலப்பரப்பில் இத்தனை ஆயர்கள் இருக்குமிடம் தென்னாட்டில் வேறு எங்கேனும் உண்டோ என்று ஐயுறுகிறோம். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் நால்வர் நான்கு முறைகளில் ஆராதிப்பதை இங்கே காணலாம். கலியாண வீட்டில் மட்டும் எல்லாரும் ஒரே பந்தி.

ஜெபத்தின் சொற்களைக் கேட்டுக்கொண்டே ஐந்து நாட்களும் கழிந்தன என்னலாம். இறைவன் மனிதனுக்கு, அவன் தகுதி பாராமல், இலவசமாகக் கொடுக்கும் அந்த ஒன்றுக்குத் தமிழ்ச் சீர்திருத்தக்காரர் 'கிருபை' என்கின்றனர். கத்தோலிக்கர் இன்று 'அருள்' என்கின்றனர். அவர்களுடைய பாட்டிமார் அதையே 'பிரியதத்தம்' என்று சொல்லி வந்தனர். பிரியத்தோடு தரப்பட்டது என்று பொருள் கொண்டால் எவ்வளவு அழகான சொல்! அது வழக்கொழிந்ததில் நமக்கு வருத்தமே. எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் மரியன்னையை வாழ்த்தும் ஜெபத்தில் அந்த இடத்தில் 'நன்ம' என்ற சொல் நிற்கிறது. நன்மை என்பதே அது. தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குவதைப் 'புது நன்மை' என்று சொல்வது நம் வாசகர்களுக்குத் தெரியும். ஆக, இப்புறத்தில் நாவில் வைக்கும் அப்பமாயிருக்கும் நன்மை, அப்புறத்தில் அன்னையின் உள்ளத்தை நிரப்பும் அருளாயிருக்கிறது.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், மத்தேயு எழுதிய பாடத்தின்படி, 'கடன்' என்ற சொல் தமிழ் வேதாகமத்திலும் மலையாள வேதாகமத்திலும் ஒன்றே. எல்லையில் இச்சொல்லுக்கு விளக்கவுரை தேவையில்லை. நாம் தங்கிய தெருவில் பிள்ளையை நர்ஸ் படிப்புக்கு அனுப்பக் கடன், வளைகுடாவுக்கு அனுப்பக் கடன், மகளை மணம் செய்து கொடுக்கக் கடன் என்று எல்லா வீட்டிலும் ஒரு கடன் இருந்தது. மாலையில் வீட்டு ஜெபம் நடக்கும்போது உபதேசியார், "விண்ணப்பம் உள்ளவர்கள் சொல்லலாம்" என்பார். விசா வரவேண்டும் என்பார் ஒருவர். ரப்பர் விலை ஏறவேண்டும் என்பார் இன்னொருவர். வங்கிக்காரர் தவணையை நீட்டித் தரவேண்டும் என்று ஒரு தாய் மெல்லிய குரலில் சொன்னார். உபதேசியார் ஒன்றையும் விடாமல், ரப்பர் விலை உட்பட, ஜெபத்தில் வரிசையாக வைத்தார். பக்தி என்பது மேகத்தில் நடப்பது என்று நினைப்பவர்கள் இங்கே வந்து ஒரு மாலை பாயில் உட்கார வேண்டும். "சுகமா?" என்று கேட்டால், "கிருபையால இருக்கோம்" என்பதே பதில். அதைச் சொல்லும்போது பெருமூச்சும் வருவதுண்டு.

பாட்டைக் குறித்தும் ஒரு வார்த்தை. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள திருப்புறத்தில் 1847-இல் பிறந்தவர் மோசவத்சலம் சாஸ்திரியார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் தமிழில் பரப்பிய கீர்த்தனை மரபை மலையாளத்துக்குக் கொண்டு சென்றவர்களுள் அவர் முதன்மையானவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அந்த அமைப்போடு அவர் இயற்றிய கீர்த்தனைகளைக் கேரளம் முழுதும் பல சபையாரும் பாடுகின்றனர். பாறசாலையில் மலையாள ஆராதனையில் நாம் உட்கார்ந்திருந்தபோது, சொற்கள் பாதி விளங்காவிட்டாலும் ராகம் முழுதும் விளங்கியது இதனால்தான்.

சனிக்கிழமையன்று வெள்ளறடைக்குப் போனோம். அங்குள்ள மலைக்குத் தென் குரிசுமலை என்று பெயர். 1957-இல், மாநிலம் பிரிந்த மறு ஆண்டில், ஜான் பாப்டிஸ்ட் என்ற கார்மேல் சபைக் குரு அங்கே சிலுவை யாத்திரையைத் தொடங்கினார். தவக்காலத்தில் இரு மாநில மக்களும் ஆயிரக்கணக்கில் ஏறுகின்றனர். மலையின் ஒரு பக்கம் கேரளத்து வெள்ளறடை, மறுபக்கம் தமிழ்நாட்டுப் பத்துகாணி. அதே மலைத்தொடரில் காளிமலையும் இருக்கிறது. அங்கே அம்மனை வழிபடப் பெண்கள் ஏறுகின்றனர். நாம் சென்றபோது கூட்டம் தொடங்கவில்லை. பாறைப் பாதையில் மூச்சு வாங்க ஏறி, சிலுவை நிலையங்களில் நின்று நின்று சென்றோம். வழியில் ஒரு முதிய தம்பதியர் செருப்பில்லாமல் ஏறிக்கொண்டிருந்தனர். பெரியவர் தமிழில் ஜெபமாலை சொல்ல, அம்மையார் மலையாளத்தில் மறுமொழி சொன்னார். "இப்பிடித்தான் நாப்பது வருசமா" என்றார் அவர், நாம் கேளாமலே.

திரும்பும் வழியில் விளவங்கோட்டுப் பக்கத்தில் ஒரு கால்வாயைக் கண்டோம். நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் அது. அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாற்றின் நீர் இதன் வழியே தமிழ்நாட்டு நிலங்களுக்கும் பாய்ந்துகொண்டிருந்தது. 2004-க்குப் பின் வரத்து நின்றுவிட்டது. 2012-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நாம் கண்ட இடத்தில் கால்வாயினுள் புல் முளைத்து, அதில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. உடன் வந்த அண்ணாச்சி ஒருவர் தம் தந்தை அந்த நீரைக் கொண்டு வாழை பயிரிட்டதைச் சொன்னார். இப்போது அந்த வயலில் ரப்பர்.

காரக்கோணத்தையும் அன்றே பார்த்தோம். அங்குள்ள மருத்துவக் கல்லூரி 2002-இல் தென்னிந்தியத் திருச்சபையால் தொடங்கப்பட்டது. டாக்டர் சாமர்வெல் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற ஆங்கிலேயர் குழுக்களில் இருந்தவர் அவர். முதல் பயணத்துக்குப் பின் இந்தியாவைச் சுற்றி வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, லண்டன் பதவிகளை விட்டுவிட்டு அங்கேயே தங்கினார். நெய்யூரில் வைத்தியப் பணி 1838-இல் தொடங்கியது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட தம் பாட்டனார், "வெள்ளைக்காரன் கை" என்று வடுவைத் தடவிக் காட்டுவார் என்று அண்ணாச்சி கூறினார்.

ஞாயிறன்று ஞானஸ்நானம். ஆராதனை மலையாளத்தில் நடந்தது. குழந்தையின் தாய்வழி உறவினர் இரண்டு வேன்களில் எல்லை தாண்டி வந்திருந்தனர். தமிழ் ஞானப்பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ராகம் வந்த இடத்தில் தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பாடினர். ஒருவரும் தடுக்கவில்லை. போதகர் குழந்தையின் நெற்றியில் நீர் வார்த்தபோது அவன் வீறிட்டான்; அது எம்மொழி என்று எவரும் கேட்கவில்லை.

ஆராதனைக்குப் பின் ஏலம். மலையாளத்தில் இதை லேலம் என்கிறார்கள். சபையார் தம் தோட்டத்து முதற்பலனைக் காணிக்கையாகக் கொண்டு வந்து வைக்கின்றனர். அன்று ஒரு பலாப்பழம், இரண்டு வாழைக்குலை, காலைக் கட்டிய ஒரு சேவல், ஒரு கட்டு மரச்சீனி. கடைவீதியில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பலாப்பழம் எண்ணூறுக்குப் போயிற்று. எடுத்தவர் அதைத் தூக்கிச் சென்று, கணவனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டு நடையில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனார். பிடியரி என்ற வழக்கமும் இன்னும் முற்றிலும் அழியவில்லை. சோறு வடிக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வேறு பானையில் போட்டுவைத்து, மாதமொருமுறை சபைக்குக் கொடுப்பது அது. பல சபைக் கட்டிடங்களின் செங்கல்லில் இந்தக் கைப்பிடி அரிசி இருக்கிறது.

மாலையில் வீட்டில் ஒரு சிறு பூசல் மூண்டது. அவ்வீட்டின் முதியவர் குழந்தையின் கொள்ளுப்பாட்டி, எல்லாரும் அம்மச்சி என்று அழைக்கின்றனர், வயது 89. விளவங்கோட்டுப் பக்கம் பிறந்து, 1954-இல் பாறசாலைக்கு வாழ்க்கைப்பட்டவர். "கெட்டிக் குடுத்தப்ப ஒரே ராஜ்யம் மக்களே. ரெண்டு வருசத்துல அம்மை வீடு வேற ஊரா ஆயிப் போச்சு" என்று சிரித்தார். 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லை அடைக்கப்பட்டிருந்தபோது அவருடைய தங்கை மறுபுறத்தில் காலமானார். இடையே ஆறு கிலோமீட்டர்தான். அடக்கத்துக்குப் போக இயலவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்துக் கடைசிப் பாட்டைக் கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அவ்வீட்டில் ஒரு பழைய தமிழ் வேதாகமம் இருக்கிறது. அதன் முன்பக்கத்து வெள்ளைத் தாள்களில் மூன்று தலைமுறைப் பிறப்புகளும் ஞானஸ்நானங்களும் எழுதப்பட்டுள்ளன. முதல் பதினொரு பெயர்கள் தமிழில், அம்மச்சியின் மாமனார் கையெழுத்தில். அடுத்து ஒன்பது பெயர்கள் மலையாளத்தில். அவை அம்மச்சியின் மூத்த மகன், ஓய்வு பெற்ற ஆசிரியர், எழுதியவை. கடைசி நான்கு ஆங்கிலத்தில். இப்போது புதிய பெயரை எழுத வேண்டும். குழந்தையின் தந்தை ஆங்கிலத்தில் எழுதப் பேனாவை எடுத்தார்; நாளைக்கு வாசிக்கப் போகிறவன் அவன்தானே என்பது அவர் நியாயம். ஆசிரியர், வீட்டு முறைப்படி மலையாளம்தான் என்றார். தாய் ஒன்றும் பேசவில்லை.

"பேனாவை இங்க கொண்டா" என்றார் அம்மச்சி.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகையில் எழுதப் பழகும் பிள்ளையைப் போல ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் எழுதினார். முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு பேரனை நிமிர்ந்து பார்த்து, "இவன் இத வாசிப்பானா?" என்றார்.

பேரன் பதில் சொல்லவில்லை. நம்மையும் பார்த்தார், நாமும் சொல்லவில்லை. நம் சங்கத்தின் தமிழ் வகுப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு. இவர்கள் செல்லும் தேவாலயத்தில் ஆராதனையும் அதே பத்து மணிக்கு. இதை இப்பத்திரிகையில் முன்பும் ஒருமுறை எழுதியிருக்கிறோம். செயற்குழுவினர் இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கின்றனர்.

குழந்தையின் தாய்தான் வாய் திறந்தார். "சனிக்கிழமைக்கு மாத்தித் தந்தா கொண்டு விடுவேன் அம்மச்சி. இல்லன்னா நானே சொல்லிக் குடுப்பேன், எனக்கு மறக்கல்ல" என்றார். ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்து, அம்மையார் எழுதிய வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் மலையாளத்திலும் எழுதினார். ஆங்கிலத்துக்குத் தாளில் இடம் இருந்தது. தந்தை பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மை காயவில்லை என்று வேதாகமத்தைத் திறந்தபடியே திண்ணைச் சாய்ப்பில் வைத்தார்கள். அம்மச்சி அருகிலேயே உட்கார்ந்து, இருட்டும்வரை கோழிகளை ஓட்டிக்கொண்டிருந்தார்.